நேர்த்தி செய்த தானியமும் கறவை மாடும்



நம்மில் பலர் அரிசி, பருப்போடு தவிடு, பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, பொட்டு, குருணை, மக்காச்சோளம் ஆகியவற்றையும் விற்கிறோம். ஒரு மாடு, இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு நம் கடைதான் தீவனக் கடை. அவர்கள் மூட்டையை மட்டும் கேட்பதில்லை, யோசனையும் கேட்கிறார்கள். "அண்ணாச்சி, எதைப் போட்டா பால் கூடும்? முழுசாப் போடலாமா, உடைச்சுப் போடணுமா? வேக வெச்சுக் கொடுக்கலாமா?" என்று கேட்டால், தெரிந்தோ தெரியாமலோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்புகிறோம். அந்தப் பதில் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

தானியத்தை "நேர்த்தி செய்வது" என்ற சொல்லுக்கு நம் தொழிலில் இரண்டு பொருள் உண்டு. மாட்டுக்குச் செரிக்கும்படி உடைப்பது, ஊற வைப்பது, ஆவியில் அவிப்பது போன்றவை ஒரு வகை. விதைக்கும் தானியத்தின் மேல் பூஞ்சாண மருந்தும் பூச்சி மருந்தும் பூசுவது மற்றொரு வகை. முன்னது பாலைக் கூட்டும். பின்னது மாட்டைக் கொல்லும், பாலைக் குடிப்பவரையும் தொடும். இரண்டும் நம் கிடங்குக்குள் மூட்டையாகத்தான் வருகின்றன. வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டியது நாம்தான்.

மாட்டின் வயிறும் தானியமும்

மாட்டின் வயிறு நம் வயிறு போன்றது அல்ல. அதில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறை மட்டுமே வளர்ந்த பசுவில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அந்த அறைக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மாடு தின்னும் வைக்கோலையும் புல்லையும் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றித் தருவது அவைதான். மாட்டுக்கு நாம் தீவனம் போடுகிறோம் என்பதைவிட, அந்த நுண்ணுயிர்களுக்குத் தீவனம் போடுகிறோம் என்பதே சரி.

தானியத்தில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. முழு தானியத்தை அப்படியே போட்டால் வெளித்தோல் அதைக் காத்து நிற்கும். மக்காச்சோளம் போன்ற பெரிய மணிகளை மாடு ஓரளவு கடித்து நொறுக்கிவிடும். சோளம், கம்பு போன்ற சின்ன, கடினமான மணிகள் பல் இடுக்கில் தப்பி, அப்படியே சாணத்தில் வந்துவிடும். சாணத்தைக் கிளறும் கோழிக்குத்தான் அது லாபம். வாடிக்கையாளர் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு குப்பைமேட்டுக்குப் போகிறது என்று பொருள்.

அதற்காக மாவாக அரைத்துப் போடுவதும் தவறு. மாவாக அரைத்த தானியம் முதல் வயிற்றில் மிக வேகமாகப் புளிக்கும். அளவு மிஞ்சினால் அமிலம் பெருகி, நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, மாடு அசை போடுவதை நிறுத்திவிடும். வயிறு உப்பும், சாணம் நீர்த்துப் புளித்த வாடை அடிக்கும், மாடு படுத்துவிடும். சில வேளை ஒரே நாளில் உயிர் போகும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவமனைகளில் காணும் காட்சி இதுதான். ஆசையோடு ஊட்டிய பொங்கலும் சோறும் வாழைப்பழமும் அளவு மீறிப் போனதால் வந்த வினை. கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றைக் குடம் குடமாகக் கொண்டுபோய் மாட்டுக்கு வைப்பவர்களுக்கும் இதே கதி நேரும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது மாட்டுக்கும் பொருந்தும்.

உடைப்பது, ஊற வைப்பது, வேக வைப்பது

நம் ஊர்க் கறவை மாட்டுக்கு நல்லது கொரகொரப்பாக உடைத்த தானியம். ரவையைவிடப் பெரிதாக, ஒரு மணி நாலைந்து துண்டாக உடைந்திருந்தால் போதும். அரைவை மில்காரரிடம் "மாவாக வேண்டாம், குருணையாக வேண்டும்" என்று சொல்லி வாங்க வேண்டும். நாமே உடைத்து விற்பவர்களாக இருந்தால் சல்லடையை மாற்றிக்கொள்ள வேண்டும். மாவாக இருந்தால் தூசி பறந்து மாட்டின் மூக்கிலும் ஏறும், காற்றிலும் வீணாகும்.

ஊற வைப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. இரவில் ஊற வைத்துக் காலையில் வைத்தால் தானியம் மிருதுவாகும், தூசி அடங்கும். ஆனால் கோடையில் ஒரு இரவுக்கு மேல் ஊறினால் புளித்துக் கெடும். ஊற வைத்ததை அந்த வேளையே தீர்த்துவிட வேண்டும்.

வேக வைப்பதைப் பொறுத்தவரை, விறகுச் செலவுக்கு ஏற்ற பலன் கிடைப்பதில்லை. வெந்த மாவுச்சத்து இன்னும் வேகமாகப் புளிக்கும் என்பதால் அளவில் கூடுதல் கவனமும் தேவைப்படும். அமெரிக்காவில் பெரிய பண்ணைகளில் மக்காச்சோளத்தையும் சோளத்தையும் நீராவியில் அவித்து, உருளைகளுக்கு இடையே விட்டு அவல் போலத் தட்டி மாட்டுக்குப் போடுகிறார்கள். சோளத்துக்கு இதில் பலன் அதிகம். அதற்குக் கொதிகலனும் எந்திரமும் வேண்டும். ஒற்றை மாட்டுக்காரருக்கு அது ஆகாது. உடைத்து ஊற வைத்தாலே போதுமானது.

எவ்வளவு போடுவது என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. பசுவின் உடம்புக்கு நாள் ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ கலப்புத் தீவனம். அதன் மேல் கறக்கும் பால் ஒவ்வொரு இரண்டரை முதல் மூன்று லிட்டருக்கும் ஒரு கிலோ. எருமைக்கு இரண்டு லிட்டருக்கு ஒரு கிலோ. இது கலப்புத் தீவனத்தின் கணக்கே தவிர, தனித் தானியத்தின் கணக்கு அல்ல. நூறு கிலோ கலவையில் உடைத்த தானியம் முப்பது முதல் நாற்பது கிலோ, பிண்ணாக்கு முப்பது கிலோ அளவு, மீதி தவிடும் பொட்டும், தாது உப்பு இரண்டு கிலோ, சாதா உப்பு ஒரு கிலோ என்று இருந்தால் நலம். பசும்புல்லும் வைக்கோலும் தனி. அவை இல்லாமல் தானியம் மட்டும் போட்டால் மாடு அசை போடாது. தீவனத்தை மாற்றும்போதும் ஒரே நாளில் மாற்றாமல், பத்து பதினைந்து நாளில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். வயிற்று நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ள அவ்வளவு நாள் பிடிக்கும்.

காரமும் யூரியாவும்

வெளிநாடுகளில் தானியத்தை ரசாயனத்தால் நேர்த்தி செய்து மாட்டுக்குப் போடும் முறையும் உண்டு. ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரில் இருந்த ரோவெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஆர்ஸ்கோவ் என்ற அறிஞரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1970-களில் இதை ஆராய்ந்தார்கள். பார்லி போன்ற முழு தானியத்தைக் காஸ்டிக் சோடா கரைசலில் பிசிறி வைத்தால் தோல் இளகிவிடும், உடைக்காமலே செரிக்கும், புளிப்பதும் நிதானமாக நடக்கும் என்று கண்டார்கள். ஈரம் அதிகமான தானியத்தில் யூரியாவைக் கலந்து மூடி வைக்கும் முறையும் அங்கே வழக்கத்தில் உண்டு. யூரியாவிலிருந்து வெளிப்படும் அம்மோனியா தானியத்தைப் பூஞ்சாணம் பிடிக்காமல் காக்கும்.

இதை நான் எழுதுவது யாரும் செய்து பார்க்க அல்ல. காஸ்டிக் சோடா கையையும் கண்ணையும் சுட்டுப் பொசுக்கிவிடும். யூரியாவோ எமன். வைக்கோலை நேர்த்தி செய்ய, நூறு கிலோவுக்கு நாலு கிலோ யூரியாவை அறுபத்தைந்து லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைக்கும் முறையைக் கால்நடைத் துறையினர் சொல்லித் தருகிறார்கள். அது அவர்கள் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை வைத்துச் செய்ய வேண்டியது. "யூரியா போட்டால் பால் கூடும்" என்று அரைகுறையாகக் கேட்டுவிட்டு, ஒரு கைப்பிடியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டவர்களின் மாடு ஒரு மணி நேரத்துக்குள் நடுங்கி, நுரை தள்ளி, வயிறு உப்பி விழுந்திருக்கிறது. நம் கடையில் உரமும் தீவனமும் ஒரே தார்ப்பாயின் கீழ் இருந்தால் இன்றே பிரித்து வையுங்கள். ஒரே அளவுப்படியை இரண்டுக்கும் போட்டு அளக்காதீர்கள்.

சாயம் பூசிய தானியம்

இனி இரண்டாவது வகைக்கு வருகிறேன். விதைக் கம்பெனிகள் மக்காச்சோளம், சோளம், கம்பு, நெல் விதைகளின் மேல் மருந்து பூசுகிறார்கள். முளைக்கும் பயிரைப் பூஞ்சாணத்திலிருந்தும் பூச்சியிலிருந்தும் காப்பதற்காக அது. உண்ணும் தானியம் அல்ல என்று தெரிவதற்காக மருந்தோடு சிவப்பு, இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயமும் சேர்க்கிறார்கள். மருந்து பூசிய விதைப்பையில் உணவுக்கோ தீவனத்துக்கோ எண்ணெய் எடுக்கவோ பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டு விதை விதிகளே சொல்கின்றன.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், பருவம் தப்பிய விதையில் வருகிறது. மழை பொய்த்தால் விதை விற்காது. காலாவதியான விதையை முறைப்படி அழிக்கச் செலவாகும். அப்போது யாரோ ஒருவருக்கு அதைச் சாதா சாக்கில் மாற்றிக் கட்டித் தீவன வியாபாரியிடம் தள்ளிவிடலாம் என்று தோன்றுகிறது.

எனக்கே நடந்தது இது. பல ஆண்டுகளுக்கு முன், எனக்குப் பழக்கமில்லாத ஒரு தரகர் மக்காச்சோளம் கொண்டுவந்தார். சந்தை விலையில் பாதி. சாம்பிள் பொட்டலத்தில் மணி நன்றாகத்தான் இருந்தது, லேசான இளஞ்சிவப்பு ஓடியிருந்தது. "இது ஒரு ரகம், அண்ணாச்சி" என்றார். விலை கண்ணை மறைத்தது. பன்னிரண்டு மூட்டை இறக்கினேன். அன்று மாலையே இரண்டு மூட்டை ஒரு சில்லறைக் கடைக்குப் போய்விட்டது.

இரவு கடை கட்டும் நேரத்தில், மூட்டை இறக்கிய தொழிலாளி என்னிடம் வந்து கையை நீட்டினார். இரண்டு உள்ளங்கையும் சிவந்திருந்தன. "முதலாளி, சோப்புப் போட்டும் போகலை, அரிக்குது" என்றார். உடனே ஒரு மூட்டையைப் பிரித்துக் கொட்டினோம். அடியில் கிழிந்த ஒரு சீட்டு கிடந்தது. அதில் சிவப்பு எழுத்தில் விஷம் என்று அச்சாகியிருந்தது.

அப்போதே அந்தச் சில்லறைக் கடைக்குப் போனேன். அவர் ஐந்து கிலோ விற்றிருந்தார். வாங்கியவர் பக்கத்துத் தெருவில் ஒரே ஒரு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். காலைக்காக வாளியில் ஊற வைத்திருந்தார். மூடியைத் திறந்தால் தண்ணீர் செம்பருத்திச் சாறு மாதிரி இருந்தது. "நல்ல சத்துள்ள சோளம் போலிருக்கு, நிறம் இறங்குது பாருங்க அண்ணாச்சி" என்றார் அந்த அம்மா. எனக்குப் பேச்சு வரவில்லை. வாளியோடு எடுத்துக்கொண்டு, புது வாளியும் வேறு தீவனமும் கொடுத்துவிட்டு வந்தோம். இன்னும் எட்டு மணி நேரம் தாமதித்திருந்தால் அந்த வீட்டின் வருமானமே போயிருக்கும். பன்னிரண்டு மூட்டையையும் திருப்பிவிட்டேன். பாதிப் பணம்தான் திரும்பி வந்தது. மீதியைப் பள்ளிக் கட்டணம் என்று எண்ணிக்கொண்டேன்.

"கழுவிவிட்டால் போய்விடும்" என்று சிலர் சொல்வார்கள். இராக் நாட்டின் கதையை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1971-இல் அங்கே வறட்சி. வெளிநாட்டிலிருந்து எழுபதாயிரம் டன்னுக்கு மேல் விதைக் கோதுமையும், பார்லியும் வரவழைத்து விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். அதில் பாதரச மருந்து பூசி, அடையாளத்துக்குச் சிவப்புச் சாயமும் ஏற்றியிருந்தது. பல இடங்களில் விதைப்புப் பருவம் முடிந்த பிறகே தானியம் வந்து சேர்ந்தது. பையில் இருந்த எச்சரிக்கை ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. கிராமத்தாருக்குப் புரியவில்லை. கழுவினார்கள், சாயம் போயிற்று. கோழிக்கும் ஆடுமாடுகளுக்கும் போட்டுப் பார்த்தார்கள், சில நாள் ஒன்றும் ஆகவில்லை. சரி என்று ரொட்டி சுட்டுத் தின்றார்கள். பாதரச நஞ்சு வாரக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டுத்தான் வேலையைக் காட்டும். 1972-இல் ஆறாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்ந்தனர். மருத்துவமனையில் இறந்தவர்கள் மட்டும் 459 பேர்.

சாயம் போனால் நஞ்சு போனதாகாது. இரண்டு நாளில் மாடு சாகவில்லை என்றால் தானியம் நல்லது என்றும் ஆகாது. இன்று நம் நாட்டில் விதைக்குப் பாதரச மருந்து பூசுவதில்லை. ஆனால் இன்று பூசும் மருந்துகளும் தீவனத்துக்காக ஏற்பட்டவை அல்ல.

கிடங்கில் பூச்சிக்கு மாத்திரை வைத்த தானியமும் இந்த வரிசையில்தான் வரும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை உரிமம் பெற்றவர்களே வைக்க வேண்டும். வைத்த பிறகு உரிய நாள் வரை மூடி, பின் நன்றாகக் காற்றாட விட்டு, சாம்பல் போன்ற மிச்சத்தை அகற்றிய பிறகே மூட்டையை விற்பனைக்கு எடுக்க வேண்டும். எலிக்கு வைத்த விஷத் தானியம் கூட்டி அள்ளும்போது தீவனத்தில் சேர்ந்துவிடாமலும் பார்க்க வேண்டும்.

யாரும் பூசாத நஞ்சு

யாரும் பூசாமலே தானியத்தில் ஏறும் நஞ்சு ஒன்று உண்டு. ஈரம் காயாத மக்காச்சோளத்திலும், கடலைப் பிண்ணாக்கிலும், பருத்திக்கொட்டையிலும் பச்சைப் பூஞ்சாணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. 1960-இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்கு தின்ற வான்கோழிகள் லட்சத்துக்கு மேல் இறந்தபோதுதான் இந்த நஞ்சையே உலகம் அறிந்தது. மாடு இதைத் தின்றால் ஒரு நாளுக்குள் அதன் ஒரு பங்கு பாலில் இறங்கும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. தானியத்தை வேக வைத்தாலும் முழுதும் அழியாது.

இதில் நமக்கு ஒரு தலைக்குனிவும் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டது. 368 மாதிரிகளில் இந்த நஞ்சு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. அவற்றில் 88 மாதிரிகள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. எல்லா மாநிலங்களிலும் அதிகம் நம்முடையதுதான். இந்த நஞ்சு பாலுக்குத் தீவனத்தின் வழியாகவே வருகிறது என்று அந்த ஆணையமே சொல்லியிருக்கிறது. தீவனம் எந்த வழியாகப் போகிறது? நம் கடை வழியாகத்தான். பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று குறை சொல்லும் நாம், நம் மூட்டையையும் ஒரு முறை முகர்ந்து பார்க்க வேண்டும்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. சந்தை விலைக்கு வெகுவாகக் குறைந்து வரும் தானியத்தை, காரணம் தெரியாமல் இறக்க வேண்டாம். பில் இல்லாத சரக்கை அடியோடு தவிர்க்க வேண்டும்.

2. சந்தேகம் வந்தால் ஒரு கைப்பிடியை வெள்ளைத் துணியில் வைத்து ஈரக்கையால் தேய்த்துப் பார்க்கலாம். நிறம் ஒட்டினால் மூட்டையைத் தொடாமல் திருப்ப வேண்டும். பிறகு கையைச் சோப்பால் கழுவ வேண்டும். நிறம் ஒட்டவில்லை என்பதாலேயே நல்ல சரக்கு என்றும் முடிவு கட்டக் கூடாது.

3. விதையும் விற்பவர்கள் விதை மூட்டையைத் தனி அறையில் வைக்க வேண்டும். உடைந்த விதைப்பையைக் கூட்டித் தீவனச் சாக்கில் போடக் கூடாது. காலாவதி விதையைக் கம்பெனிக்கே திருப்ப வேண்டும். காலிப் பையைத் தீவனம் கட்டித் தரப் பயன்படுத்தக் கூடாது.

4. மக்காச்சோளத்தின் ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டுக்குள் இருக்க வேண்டும். பல்லில் கடித்துப் பார்க்கும் அனுபவம் நல்லதுதான். ஆனாலும் ஈரமானி ஒன்றைச் சங்கத்தில் வாங்கி வைத்து எல்லோரும் பயன்படுத்தலாம். மூட்டையைத் தரையில் போடாமல் மரக்கட்டை மேல் அடுக்கி, சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

5. பூஞ்சாணம் பிடித்ததை "மாட்டுக்குத்தானே" என்று விலை குறைத்து விற்க வேண்டாம். நல்ல சரக்கில் கலக்கவும் வேண்டாம்.

6. தானியம் வாங்குகிறவரிடம் உடைத்துப் போடவும், சிறுகக் கூட்டவும், புல்லும் வைக்கோலும் சேர்க்கவும் சொல்ல வேண்டும். மாடு அசை போடாமல் நின்றால் கைவைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரை அழைக்கச் சொல்ல வேண்டும்.

இவற்றில் பெரிய செலவு ஏதும் இல்லை. நம் தராசில் நிற்கும் மூட்டைக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாதச் செலவும், ஏதோ ஒரு குழந்தையின் தம்ளர் பாலும் இருக்கின்றன. அந்த அம்மா இன்றும் அதே சில்லறைக் கடையில்தான் தீவனம் வாங்குகிறார். அன்று இரவு நாங்கள் வாளியைத் தேடிப் போனதால்தான் அவர் அந்தக் கடையை நம்புகிறார். வியாபாரத்தில் முதலுக்கு மேலான முதல் அந்த நம்பிக்கைதான். அதைப் பாதி விலைச் சரக்குக்கு விற்றுவிட வேண்டாம்.